பச்சை, மஞ்சள், சிவப்பு: கிளாக்கோமா ப்ராஜெக்ட் எடுத்த நண்பர்களுக்கு

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புகள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியாச்சு. எங்க டிபார்ட்மென்ட்ல மட்டும் மூணு டீம் 'டீப் லேர்னிங் மூலம் கிளாக்கோமா கண்டறிதல்' எடுத்திருக்காங்க. பயோமெடிக்கல்ல ரெண்டு டீம். லைப்ரரியில போன வருஷ ரிப்போர்ட்டுகளைப் புரட்டினாலும் அதே தலைப்பு, அதே ஃப்ளோசார்ட், கடைசிப் பக்கத்துல அதே 98 சதவீத ஆக்யூரசி. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். ஒரு லேப்டாப்பும் ஒரு கண் போட்டோவும் இருந்தா நூத்துக்கு 98 சரியாச் சொல்லிடலாம்னா, கண் டாக்டர்கள் ஏன் இன்னும் "ஆறு மாசம் கழிச்சு மறுபடி வாங்க, இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்"னு சொல்லி அனுப்புறாங்க?

அவங்க வேணும்னே இழுத்தடிக்கல. ஆரம்பக் கட்ட கிளாக்கோமாவை ஒரே ஒரு படத்தை வெச்சு உறுதியாச் சொல்றது ரொம்பக் கஷ்டம். அதே கண்ணை இன்னொரு நாள் எடுத்த படத்தோட வெச்சுப் பார்த்தாதான் விஷயம் தெரியும். நம்ம ப்ராஜெக்ட் எல்லாம் முதல் படத்தோட முடிஞ்சிடுது. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போறது இதைத்தான்.

நோயைப் பத்தி முதல்ல கொஞ்சம். (எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். 'விழித்திரை'ங்கிற சொல்லையே இப்பதான் முதல்முறையா எழுதுறேன். பிழை இருந்தா எடிட்டோரியல் டீமைத் திட்டுங்க.) கண் பார்த்ததை மூளைக்குக் கொண்டுபோவது பார்வை நரம்பு. அது ஒத்தை வயர் கிடையாது. 10 முதல் 12 லட்சம் மெல்லிய இழைகள் சேர்ந்த ஒரு கேபிள். விழித்திரை முழுக்க இருக்கிற செல்களிலிருந்து இந்த இழைகள் கிளம்பி, விழித்திரையின் மேல்பரப்பிலேயே ஊர்ந்து வந்து, கண்ணின் பின்பக்கம் ஒரு வட்டத்தில் ஒன்று சேர்ந்து வளைந்து, சல்லடை மாதிரி ஓட்டைகள் உள்ள ஒரு தட்டு வழியாக வெளியே போகின்றன. அந்த வட்டத்துக்குப் பேர் டிஸ்க். குறுக்களவு ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இழைகள் ஓரமா நெருக்கியடிச்சு இறங்குறதால நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அதுதான் கப். கிளாக்கோமாவில் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். ஓரம் மெலியும், பள்ளம் அகலும், சல்லடைத் தட்டே பின்னால் வளையும். செத்த இழை திரும்ப வளராது. சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன் எல்லாமே கண்ணின் அழுத்தத்தைக் குறைச்சு, மிச்சம் இருக்கிற இழைகளைக் காப்பாத்தத்தான்.

வலி கிடையாது. பார்வையில் விழும் ஓட்டையை மூளை சுத்தி இருக்கிறதை வெச்சு நிரப்பிடும். ஒரு கண்ணோட குறையை இன்னொரு கண் மறைச்சிடும். பட்டன் அழுத்துற ஃபீல்டு டெஸ்ட்டில் குறை தெளிவாத் தெரியும்போது, அந்த இடத்து செல்கள்ல கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஏற்கெனவே போயிருக்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 40 வயசுக்கு மேற்பட்ட 5,150 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. கிளாக்கோமா இருந்தது 2.6 சதவீதம் பேருக்கு. அதில் 93 சதவீதம் பேருக்கு அன்னைக்கு வரைக்கும் தங்களுக்கு நோய் இருக்குன்னே தெரியாது. கண் அழுத்தத்தை மட்டும் அளந்து பார்த்தாலும் போதாது. அழுத்தம் 21-க்குள்ள, அதாவது 'நார்மல்' கணக்கில் இருக்கிறவங்களுக்கும் இந்த நோய் வரும். அதனால நரம்பையே பார்த்தாகணும்.

ஆனா, பார்க்குறதே சுலபம் இல்லன்னு வரலாறு சொல்லுது. உயிருள்ள ஒருத்தரோட கண்ணுக்குள்ள எட்டிப் பார்க்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் வெளியிட்டார். மூணு வருஷத்துல யேகர், கிரேஃபே என்ற ரெண்டு பெரிய கண் டாக்டர்கள் கிளாக்கோமா வந்த டிஸ்க்கைப் பார்த்து எழுதினாங்க. என்ன எழுதினாங்க தெரியுமா? டிஸ்க் வீங்கிப் புடைச்சு நிக்குதுன்னு! ஒரே கண்ணால் பார்க்கிற கருவி, அதனால ஆழம் தெரியல. பள்ளம் மேடாத் தெரிஞ்சிருக்கு. அறுத்துப் பார்த்த பிறகுதான் அது பள்ளம்னு உறுதியாச்சு. நாம சிஎன்என்னுக்குக் கொடுக்கிற ஃபண்டஸ் போட்டோவும் அதே ஒத்தைக் கண் படம்தான். ஆழம் அதுல நேரடியா இல்ல. நிறத்தையும், ரத்தக் குழாய் எங்க வளையுதுங்கிறதையும் வெச்சு ஊகிக்கணும்.

ஆழத்தை உண்மையிலேயே அளந்த கருவி ஓசிடி. இதைப் பத்திப் படிச்சப்போதான் ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப் மேல எனக்கு மரியாதையே வந்துச்சு. அல்ட்ராசவுண்ட் மாதிரி ஒளியை அனுப்பி எதிரொலியைக் கேட்கணும். ஆனா 10 மைக்ரான் ஆழம் போய்த் திரும்ப ஒளிக்கு ஆகும் நேரம், ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரிச்சு, அதில் ஒண்ணைத் திரும்பப் பத்தாகப் பிரிச்சா வர்ற அளவு. எந்த எலக்ட்ரானிக்ஸாலும் அதை நேரடியா அளக்க முடியாது. அதனால நேரத்தை அளக்காம குறுக்கீட்டை அளக்குறாங்க. மைக்கல்சன் இன்டர்ஃபெரோமீட்டர் ஞாபகம் இருக்கா? ஒளியை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதி கண்ணாடிக்கு, இன்னொரு பாதி கண்ணுக்கு. ரெண்டும் திரும்பி வந்து சேரும்போது, பயணத்தூரம் ஒரே அளவா இருந்தாத்தான் பட்டைகள் தெரியும். இதுக்கு நல்ல லேசர் தேவையில்லை, 'மோசமான' ஒளிதான் தேவை. பல அலைநீளம் கலந்த, கோஹெரன்ஸ் குறைஞ்ச ஒளி. பட்டை அகலம் கூடக் கூட ஆழத்தில் துல்லியம் கூடும். மைய அலைநீளம் 840 நானோமீட்டர், அகலம் 50 நானோமீட்டர்னு வெச்சு நானே போட்டுப் பார்த்தேன். காற்றில் 6 மைக்ரான் சொச்சம், திசுவின் ஒளிவிலகல் எண்ணால வகுத்தா 5-க்குள்ள வருது.

1991-ல் எம்ஐடியிலிருந்து 'சயின்ஸ்' இதழில் இது வந்தது. கட்டுரையின் முதல் பெயர் டேவிட் ஹுவாங். அப்போ அவர் ஃபுஜிமோட்டோவோட லேப்ல மாணவர். (நம்ம வயசைவிடக் கொஞ்சம்தான் கூட. சும்மா சொல்லி வெச்சேன்.) முதல் தலைமுறைக் கருவிகளில் கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தி ஒவ்வொரு ஆழமாத் தேடணும். 2002-ல் வந்த ஸ்ட்ராட்டஸில் நொடிக்கு 400 கோடுகள்தான் எடுக்க முடியும். அப்புறம் யாரோ கண்ணாடியை அசைக்கிறதையே விட்டுட்டாங்க. திரும்பி வர்ற ஒளியை ஸ்பெக்ட்ரோமீட்டரில் பிரிச்சு, ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் போட்டா எல்லா ஆழமும் ஒரே அடியில் வந்துடும். சிரஸ் கருவியில் நொடிக்கு 27,000 கோடுகள். நாலாவது செமஸ்டர்ல "இந்த எஃப்எஃப்டி எங்க சார் யூஸ் ஆகும்"னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில். யாரோ ஒருத்தரோட பார்வை நரம்புல.

இவ்வளவு அழகான கருவி கடைசியில் நோயாளி கையில் என்ன கொடுக்குது? ஒரு ஏ4 தாள். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு. என் பிரச்சினை இங்கதான் ஆரம்பிக்குது.

சிரஸ் கருவி டிஸ்க்கைச் சுத்தி 3.46 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தில் நரம்பு இழை அடுக்கு எவ்வளவு தடிமன்னு அளக்குது. நல்ல கண்ணில் சராசரி 90 முதல் 100 மைக்ரான் வாக்கில் இருக்கும், ஏறத்தாழ ஒரு தலைமுடி தடிமன். மேலேயும் கீழேயும் அதிகம், பக்கவாட்டில் கம்மி. அதனால கிராஃப் போட்டா ஒட்டகத் திமில் மாதிரி ரெண்டு மேடு. இதை அதே வயசு ஆரோக்கியமானவர்களோட ஒப்பிட்டு, கடைசி 1 சதவீதத்துக்குள் விழுந்தா சிவப்பு, 1-லிருந்து 5-க்குள் மஞ்சள், அதுக்கு மேல பச்சை. ரொம்பத் தடிமனான 5 சதவீதம் வெள்ளை.

யாரோட ஒப்பிடுது? அந்தக் கருவியின் டேட்டாபேஸில் இருந்தவங்க 284 பேர், 18 முதல் 84 வயசு வரை. அதில் இந்தியர் சுமார் ஒரு சதவீதம். ஒரு ஆட்டோவில் ஏத்திடலாம். விருதுநகர்லயும் தேனியிலயும் இருக்கிற ஒரு கண் நார்மலா இல்லையான்னு நிறம் சொல்றப்போ, பின்னணியில் இருக்கிறது இந்தக் கணக்கு. கருவி தப்புன்னு நான் சொல்லல. அது அளக்குற மைக்ரான் நேர்மையான மைக்ரான். அதுக்கு மேல பூசுற கலர்தான் கடன் வாங்கினது.

எனக்கே இது நடந்துச்சு. எனக்கு மைனஸ் 6.5 பவர். அப்பாவுக்கு கிளாக்கோமா இருக்கிறதால என்னையும் பார்க்கச் சொன்னாங்க. நெதர்லாந்தில் ரோட்டர்டாம் நகரத்தில் நடந்த ஆய்வு 1998-ல் வந்தது. நோயாளிகளின் கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகளுக்கு வாழ்நாளில் கிளாக்கோமா வரும் வாய்ப்பு 22 சதவீதம், மத்தவங்க குடும்பங்களில் 2.3 சதவீதம். அதனால பார்க்கச் சொன்னது சரி. எங்க ஊர்ல ஒரு கண் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தாங்க. ரெண்டு கண்ணுலயும் சிவப்பு. "ஆரம்பிச்சிடுச்சு, இன்னைக்கே சொட்டு மருந்து போடணும், ஆயுசு பூரா"ன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டாங்க. அம்மா பஸ்ல வர்ற வழி பூரா பேசவே இல்ல. அடுத்த வாரம் வேற டாக்டர் அதே தாளைப் பார்த்தார். கலரைப் பார்க்கல, கிராஃபைப் பார்த்தார். கிட்டப்பார்வையில் கண் நீளம் அதிகம், இழைக்கற்றைகள் பொட்டுப் பக்கமாத் தள்ளி உக்காந்திருக்கும். ரெண்டு திமிலும் இருக்கு, ஆனா டேட்டாபேஸ் எதிர்பார்க்கிற இடத்துல இல்ல. இருக்க வேண்டிய இடத்துல இல்லாததால சிவப்பு. அந்த ஒப்பீடு வயசுக்குத் திருத்தம் செய்யுது, கண்ணோட நீளத்துக்குச் செய்யல. டாக்டர்கள் இதுக்கு 'ரெட் டிசீஸ்'னே பேர் வெச்சிருக்காங்க. மருந்து எழுதல. "இது உன் பேஸ்லைன், பத்திரமா வை, ஆறு மாசத்துல வா"ன்னார்.

எதிர்ப்பக்கமும் உண்டு, 'கிரீன் டிசீஸ்'. பிறவியிலேயே 115 மைக்ரான் இருந்த ஒருத்தருக்கு 95 ஆகக் குறைஞ்சா, 20 மைக்ரான் நரம்பு போயிருக்கு. ரிப்போர்ட் பச்சையாத்தான் சிரிக்கும். முதல் ஸ்கேன் கையில் இல்லன்னா யாருக்குமே தெரியாது.

அப்போ ரெண்டு ஸ்கேனைக் கழிச்சா போதும்தானேன்னு கேட்பீங்க. நம்ம துறை ஆளுங்களுக்கான வேலை ஆரம்பிக்கிறதே அங்கதான். அதே கண்ணை வேற ஒரு நாள் எடுத்தாலே சராசரித் தடிமன் 4 மைக்ரான் வரை மாறலாம், நோய் எதுவும் முத்தாமலே. வயசாகுறதாலயே பத்து வருஷத்துக்குச் சுமார் 2 மைக்ரான் குறையும். வட்டம் கொஞ்சம் நகர்ந்தா ஒரு பக்கம் தடிமனாகவும் எதிர்ப்பக்கம் மெலிசாகவும் காட்டும். கண்புரை இருந்தா சிக்னல் குறைஞ்சு அடுக்கு மெலிஞ்ச மாதிரி தெரியும். புரை ஆபரேஷன் முடிஞ்சதும் நரம்பு 'வளர்ந்துடும்'! கண்புரை இல்லாத 65 வயசுக்காரரை நம்ம ஊர்ல தேடித்தான் பிடிக்கணும், அதனால இது சின்ன விஷயம் இல்ல. அப்புறம் நோய் ரொம்ப முத்தினா தடிமன் சுமார் 50 மைக்ரானில் நின்னுடும். இழை எல்லாம் போனாலும் ரத்தக் குழாயும் தாங்கு திசுவும் மிஞ்சி இருக்கும். அதுக்கு மேல ஓசிடி எண் நகராது, ஃபீல்டு டெஸ்ட்தான் கதி.

இதை அப்பாவுக்கு விளக்க எனக்கு அரை நிமிஷம்தான் ஆச்சு. அவர் சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ல வேலை பார்க்கிறவர். நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா விழுந்துச்சான்னு ஓரத்துல இருக்கிற கூட்டல் குறியை லென்ஸ் வெச்சுப் பார்ப்பாரு. "ரெண்டு ஸ்கேனும் ரெஜிஸ்டர் சேரலன்னா கழிச்சு என்னடா பண்றது?"ன்னு கேட்டார். நம்ம இமேஜ் ப்ராசசிங் பேப்பர்ல 'இமேஜ் ரெஜிஸ்ட்ரேஷன்'னு வர்ற அதே விஷயம். சில கருவிகள் ரத்தக் குழாய்களையே கூட்டல் குறி மாதிரி வெச்சு, பழைய ஸ்கேன் எடுத்த அதே இடத்தைத் தேடிப் பிடிச்சு எடுக்குது. ஆனா அது அதே கம்பெனி கருவிக்குள்ள மட்டும். அப்பாவோட பிளாஸ்டிக் ஃபைல்ல அஞ்சு வருஷ ரிப்போர்ட் இருக்கு. மூணு ஊரு, மூணு கருவி. ஒரு கருவி சொல்ற 80 மைக்ரானும் இன்னொண்ணு சொல்ற 80 மைக்ரானும் ஒண்ணு கிடையாது. அடுக்கோட எல்லையை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமாக் கண்டுபிடிக்குது. மூல டேட்டாவை யாரும் கையில் கொடுக்கல, கொடுத்தது பிரின்ட் அவுட். அதனால மருத்துவமனை மாறினப்போ எல்லாம் அவர் பேஸ்லைன் ஜீரோவிலிருந்து ஆரம்பிச்சிருக்கு. அவர் இழந்தது எவ்வளவு வேகமாங்கிற கேள்விக்கு அஞ்சு வருஷமாப் பதில் இல்ல. மருந்தை அதிகப்படுத்தணுமா, ஆபரேஷன் வேணுமான்னு முடிவு பண்றது அந்த வேகத்தை வெச்சுத்தான்.

இப்போ 98 சதவீதத்துக்கு வர்றேன். ஸ்கிரீனிங் தேவையே இல்லன்னு நான் சொல்லல. 93 சதவீதம் பேருக்குத் தெரியாத நோய்க்கு ஸ்கிரீனிங் வேணும்தான். கிராமத்துக்கு ஓசிடியைத் தூக்கிட்டுப் போக முடியாது, ஃபண்டஸ் கேமராவைக் கொண்டு போகலாம். அந்த வாதம் சரி. ஆனா நம்ம கணக்கைப் போட்டுப் பாருங்க. 1,000 பேர், 2.6 சதவீதம்னா 26 நோயாளிகள். மாடல் ரெண்டு பக்கமும் 95 சதவீதம் சரின்னு தாராளமா வெச்சுக்குவோம். 26-ல் 25 பேரைப் பிடிக்கும். மீதி 974-ல் 49 பேரைத் தப்பாப் பிடிக்கும். பிடிபட்ட 74 பேரில் மூணுல ஒருத்தருக்குத்தான் நோய். மத்த ரெண்டு வீட்டிலும் ஒரு அம்மா பஸ்ல பேசாம உக்காந்து வருவாங்க. பாதி நோயாளி, பாதி ஆரோக்கியம்னு சரிபாதியா இருக்கிற டேட்டாசெட்டில் இது தெரியவே தெரியாது.

இன்னும் ஒண்ணு. 45 டிகிரி ஃபண்டஸ் படத்தை அப்படியே 224 பிக்சலுக்குச் சுருக்கினா டிஸ்க்குக்குக் கிடைக்கிறது சுமார் 30 பிக்சல். கப்–டிஸ்க் விகிதம் 0.1 மாறினா 3 பிக்சல். ரீசைஸ் பண்ற ஒரு வரியிலேயே நோயை அழிச்சிடுறோம். ஒரே ஆளோட வலது கண் டிரெயினிங்லயும் இடது கண் டெஸ்ட்லயும் போனா அது பரீட்சைக்கு முன்னாடி கேள்வித்தாளைக் கொடுத்த மாதிரி. அரவிந்த் மருத்துவமனை படங்களை வெச்சு உருவான த்ரிஷ்டி–ஜிஎஸ் டேட்டாசெட் இருக்கு, 101 படங்கள். அதுல நல்ல விஷயம், ஒவ்வொரு படத்துலயும் டிஸ்க், கப் எல்லையை நாலு நிபுணர்கள் தனித்தனியா வரைஞ்சிருக்காங்க. அந்த நாலு பேரும் எங்க ஒத்துப்போகல, ஏன் ஒத்துப்போகலங்கிறதை யாராவது ப்ராஜெக்டா எடுத்தா முதல் ஆளா வந்து நான் கேட்பேன்.

எடுக்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கு. ரெண்டு நாளில் எடுத்த ஒரே கண்ணின் ஸ்கேன்களைச் சேர்த்து வெச்சு, வட்டம் எத்தனை மைக்ரான் நகர்ந்தா எண் எவ்வளவு மாறுதுன்னு ஒரு சிமுலேஷன் போதும். பழைய பிரின்ட் அவுட்டை மொபைல்ல ஸ்கேன் பண்ணி, திமில் கிராஃபைத் திரும்ப எண்ணா மாத்துற ஒரு சின்ன ஆப் இருந்தா அப்பா மாதிரி ஆளுங்க ஃபைலுக்கு உயிர் வரும். சிக்னல் குறைஞ்ச ஸ்கேனில் அடுக்கின் எல்லையை சாஃப்ட்வேர் எங்க தப்பா வரையுதுன்னு பிடிக்கலாம். இதுல எதுலயும் 98 வராது. ரிவ்யூல கைதட்டும் கம்மியாத்தான் இருக்கும்.

டிபார்ட்மென்டுக்கும் ஒரு கோரிக்கை. கிளாக்கோமா தலைப்பு எடுத்த அஞ்சு டீமுக்கும் சேர்த்து, செகண்ட் ரிவ்யூ பேனலில் ஒரு ஆப்டோமெட்ரிஸ்டையோ, தினமும் ஓசிடி எடுக்கிற ஒரு டெக்னீஷியனையோ உக்கார வைங்க. லாஸ் கர்வைப் பத்தி அவங்க எதுவும் கேட்க மாட்டாங்க. "இந்தப் படத்துல சிக்னல் ஸ்ட்ரென்த் எவ்வளவு, இவங்க பவர் என்ன, போன தடவை எடுத்தது எங்க?"ன்னு மூணு கேள்வி கேட்பாங்க. ரிவ்யூ ஜனவரியில. இன்னும் நேரம் இருக்கு.